பள்ளி நூலகத்தின் திறவுகோல்

(தலைமையாசிரியர்களும் பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பள்ளி நூலகம் என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் நூல்களின் தொகையைப் பேசத் தொடங்கிவிடுகின்றோம். எத்தனை நூல்கள் உள்ளன, எத்தனை பேழைகள் உள்ளன, இவ்வாண்டு எவ்வளவு பணம் வந்தது என்பனவே பேச்சு. நூலுக்கும் மாணவனுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கின்றார். அவர் எடுத்து நீட்டினால்தான் நூல் மாணவன் கைக்குப் போகும். அவரைப் பற்றிப் பேசுவார் அரியர். அவரைத் தலைமையாசிரியர் எவ்வாறு கருதுகின்றார், அவர்க்கு எவ்வாறு துணை நிற்கின்றார் என்று பேசுவாரோ அவரினும் அரியர். இன்று யான் பேச வந்தது அதனையே.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். நூலகப் பொறுப்பாளரைத் தலைமையாசிரியர் பொருட்காவலராகக் கருதினால் பூட்டு வலிமைபெறும். ஆசிரியராகக் கருதினால் நூல் நடமாடும். இவ்விரண்டினுள் எது நடக்கின்றது என்பதைப் பொறுத்தே ஒரு பள்ளியின் நூலகம் வாழ்கின்றது அல்லது மடிகின்றது.

இதனைச் சிறு செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். நம் அரசுப் பள்ளிகளுக்கு வரும் குழந்தைகள் பலரின் வீட்டில் பாடநூலைத் தவிர வேறு நூலே இல்லை. தாய் களையெடுக்கப் போகின்றாள். தந்தை கட்டட வேலைக்குப் போகின்றான். செல்வர் வீட்டுக் குழந்தைக்குப் பள்ளி நூலகம் பூட்டியிருந்தால் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. வேண்டிய நூலைக் கடையில் வாங்கித் தருவர். ஏழைக் குழந்தைக்கோ, பூட்டிய நூலகம் என்றால் நூலே இல்லை என்பது பொருள். பன்னிரண்டாண்டுகள் பள்ளியிற் பயின்றும், தேர்வுக்காக அல்லாமல் தன் விருப்பத்திற்கென்று ஒரு தமிழ்நூலையேனும் முழுமையாகப் படிக்காமல் வெளியேறும் இளைஞன், பின்னர்த் தமிழைப் பேசுவானேயன்றிப் படிக்கமாட்டான். படிப்பாரில்லாத மொழியில் எழுதுவார் எத்தனை நாள் எழுதுவர்?

கையெழுத்திட்டு வாங்கிய திறவுகோல்

நம் அரசுப் பள்ளிகளிற் பெரும்பாலானவற்றில் நூலகர் என்று தனியாக எவருமில்லை. ஓர் ஆசிரியரிடம் நூலகம் ஒப்படைக்கப்படுகின்றது. அவர் தமிழாசிரியராக இருக்கலாம். உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கலாம். யார்க்குப் பாடவேளை குறைவோ அவராகவும் இருக்கலாம். அவரிடம் ஒப்படைக்கப்படுவன இரண்டு: ஒரு திறவுகோல், ஓர் இருப்புப் பதிவேடு. நூல்களை எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கின்றார். இத்தனை நூல்களுக்கு நான் கணக்குச் சொல்வேன் என்பதே அக்கையெழுத்தின் பொருள். எத்தனை மாணவரைப் படிக்க வைத்தீர் என்று அந்தப் பதிவேடு அவரைக் கேட்பதில்லை.

ஆகலின் நூல்களைக் காப்பதே தம் கடமை என்று அவர் கருதுகின்றார். நூல் பேழைக்குள் இருக்கும்வரை கணக்குச் சரியாக இருக்கும். கணக்குச் சரியாக இருக்கும்வரை தலைமையாசிரியர்க்கும் நிறைவே. இருவரும் நல்லவர்கள், இருவரும் தமக்கு இட்ட கடமையைச் செய்தவர்கள். ஆயினும் குழந்தைக்கு நூல் கிட்டவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இருப்புப் பதிவேட்டில் மட்டும் வாழும் நூலும் அத்தகையதே.

அப்படியாயின் நூலகர் பணிதான் யாது? ஏழாம் வகுப்பிற் பயிலும் ஒரு சிறுமி, மூன்றாம் வகுப்புப் பாடத்தையும் எழுத்துக்கூட்டியே படிக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் அவளுக்கு அது வெட்கம். நூலகர் அதனை அறிந்து, மற்றவர் அறியாதவாறு, படம் மிகுந்த மெல்லிய கதைநூல் ஒன்றை அவள் கையில் வைக்கின்றார். அடுத்த கிழமை, ‘எப்படியிருந்தது?’ என்று கேட்கின்றார். அவள் விடை கூறும் முறையைக் கண்டு அடுத்த நூலைத் தேர்கின்றார். அறிவியலாசிரியர் பாம்புகளைப் பற்றிப் பாடம் நடத்தப் போகின்றார் என்று தெரிந்தவுடன், பாம்புகளைப் பற்றிய நான்கு நூல்களை எடுத்து மேசைமேல் வைக்கின்றார். இன்ன மாணவன் மட்டைப்பந்து வீரர்களைப் பற்றியே படிக்கின்றான், அவனை மெல்ல வேறு வாழ்க்கை வரலாற்று நூல்களுக்குக் கொண்டுபோகலாம் என்று திட்டமிடுகின்றார். இவை அனைத்தும் கற்பித்தலே. கரும்பலகை இல்லாமையால் இது கற்பித்தலென்று பலர்க்குத் தெரிவதில்லை.

அரங்கநாதனார்க்கே முதலில் விளங்காதது

தலைமையாசிரியர்களைக் குறைகூறுவதற்கென்று யான் இங்கு வரவில்லை. நல்ல நூலகர் ஒருவர் பணிசெய்வதைக் கண்ணாற் காணாதவர்க்கு அப்பணி விளங்குவது அரிது. இதற்கு இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்பெறுபவரே சான்று.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த சீ. இரா. அரங்கநாதனார் முதலில் கல்லூரியிற் கணக்காசிரியராக இருந்தவர். 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பெற்றார். சின்னாள்களிலேயே அவ்வேலை அவர்க்குக் கசந்தது. மாணவர் முகம்பார்த்துப் பாடஞ்சொல்லிப் பழகியவர்க்கு, ஆள்வராத கூடத்தில் நூல்களோடு தனித்திருத்தல் பொறுக்கவில்லை. மீண்டும் ஆசிரியப் பணிக்கே போய்விட முனைந்தார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வருக, அதன்பின்னும் விருப்பமில்லையாயின் திரும்பலாம் என்று கூறி அவரை அனுப்பிவைத்தனர். இலண்டனிற் பயின்று, அந்நாட்டுப் பொதுநூலகங்களிற் குழந்தைகளும் உழைப்பாளரும் வந்துபோவதைக் கண்டபின்பே அவர் உள்ளம் மாறியது. கணக்காசிரியராகப் போனவர் நூலகராகத் திரும்பினார். 1931-இல் வெளிவந்த அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்நெறிகள்’ உலகெங்கும் நூலகர்க்கு அடிப்படை நூலாயிற்று. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942-இல் தனிநூலும் எழுதினார்.

நூல்கள் பயன்படுத்தப்படுவதற்காகவே உள்ளன என்பது அவர் வகுத்த முதல் நெறி. இதனைச் சொல்லவும் ஒரு நெறி வேண்டுமா என்று தோன்றும். ஐரோப்பாவில் முற்காலத்தில் நூல்களைப் பேழையோடு சங்கிலியாற் பிணித்து வைத்திருந்தனர் என்பதை அவர் அங்கு எடுத்துக்காட்டுகின்றார். அத்தகைய சங்கிலி நூல்கள் இங்கிலாந்தில் இன்றும் காட்சிக்கு உள்ளன. ஆயினும் ஒன்று. சங்கிலியிற் கட்டிய நூலை நின்றுகொண்டாவது படிக்கலாம். நம் பள்ளிகளிற் பூட்டிய பேழைக்குள் இருப்பதை அப்படியும் படிக்கவியலாது.

அரங்கநாதனார்க்கே கண்டபின்புதான் விளங்கியதென்றால், நூலகம் நன்கு நடப்பதை ஒருநாளும் காணாமலே மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்து தலைமையாசிரியரானவர்க்கு எவ்வாறு விளங்கும்? ஆகவே முதல் தேவை, காணுதல். நூலகம் நன்கு நடைபெறும் பள்ளி ஒன்றனுக்கு ஒருநாள் சென்று வாருங்கள். பத்துச் சுற்றறிக்கை செய்யாததை அந்த ஒருநாள் செய்துவிடும்.

எழுபதாண்டுக்கு முன்னரே சொன்னார்கள்

இக்குறையை நம் நாடு அறியாமலிருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த ஆ. இலக்குமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்வி ஆணையம் 1953-இல் தன் அறிக்கையை அளித்தது. பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்க நூலகமே இல்லை. உள்ள நூல்களும் பழையன, பொருந்தாதன. பொறுப்பிலிருப்பவர் பலவிடங்களில் ஓர் எழுத்தராகவோ நூலின்மேற் பற்றில்லாத ஓர் ஆசிரியராகவோ இருக்கின்றார் என்று அவ்வறிக்கை வெளிப்படையாகவே கூறிற்று. அறிவியற் பாடத்திற்கு ஆய்வகம் எப்படியோ அப்படி எல்லாப் பாடங்களுக்கும் நூலகம் என்றும் சொல்லிற்று. பயிற்சி பெற்ற நூலகர் வேண்டுமென்றும், சம்பளத்திலும் மதிப்பிலும் அவர் மூத்த ஆசிரியர்க்கு இணையாக இருத்தல் வேண்டுமென்றும் பரிந்துரைத்தது.

இன்று நம் மேனிலைப் பள்ளிகளில் ஆய்வக உதவியாளர்க்குப் பணியிடம் உண்டு. அது முறையே. எல்லாப் பாடங்களுக்கும் ஆய்வகமாகிய நூலகத்திற்கு ஆள் எங்கே?

சட்டம் நூலைக் கண்டது, ஆளைக் காணவில்லை

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிதோறும் நூலகம் இருத்தல் வேண்டும் என்கின்றது. நாளிதழும் பிற இதழ்களும் கதைநூல் உள்ளிட்ட பல்துறை நூல்களும் அங்கு இருத்தல் வேண்டுமாம். அதே சட்டத்தின் அட்டவணையில், நூறு குழந்தைகட்கு மேற்பட்ட ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஓவியம் முதலிய கலைக்கும், உடற்கல்விக்கும், தொழிற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர் வேண்டுமென்று எழுதியுள்ளனர். நூலகர் என்னும் சொல் அவ்வரிசையில் இல்லை. 2018-இல் வந்த ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 உருவா வரை நூலக நல்கை வகுத்தது. அப்பணம் நூல் வாங்குதற்கு உதவும், ஆளுக்கு உதவாது.

ஆனால் கேந்திரிய வித்தியாலயம் என்னும் பெயரில் நடுவண் அரசு தானே நடத்தும் பள்ளிகளில் நூலகர்க்குப் பணியிடம் வைத்துள்ளது. பள்ளிக்கு நூலகர் தேவை என்பதை நடுவண் அரசு அறியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. நடுவண் அரசு அலுவலர் வீட்டுப் பிள்ளைக்குத் தேவையான நூலகர், நம் சிற்றூர்ப் பிள்ளைக்குத் தேவையில்லையா? இக்கேள்வியை நடுவண் அரசிடம் மட்டுமன்று, நம் மாநில அரசிடமும் நாம் கேட்டாக வேண்டும்.

வேற்று நாடுகளில் எல்லாம் செம்மையாக உள்ளது என்றும் யான் சொல்லேன். இங்கிலாந்தில் சிறைச்சாலைக்கு நூலகம் இருத்தல் சட்டப்படி கட்டாயம்; பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நூலகரை உணராமை எல்லா நாட்டிலும் உள்ள நோய்.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

அமெரிக்காவில் பள்ளித் தலைவராக இருந்து பின்னர்ப் பேராசிரியரான கேரி ஆர்ட்செல் என்பார் இந்நோயின் வேரைத் தேடினார். அவர் கண்டவற்றுள் இரண்டு நமக்கும் பொருந்தும். ஒன்று, பள்ளித் தலைவர்க்குரிய பயிற்சியில் நூலகத்தைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் சொல்லித் தருவதில்லை. மற்றொன்று, நூலகரின் உழைப்பு பிறருடைய உழைப்பினுள்ளே கரைந்துவிடுகின்றது. மாணவன் நல்ல கட்டுரை எழுதினால் புகழ் மாணவனுக்கு. வகுப்பு சிறந்தால் புகழ் வகுப்பாசிரியர்க்கு. அந்தக் கட்டுரைக்குரிய நூலைத் தேடித் தந்த கை எவர்க்கும் தெரிவதில்லை. சோற்றில் உப்பு இருக்கும்போது உப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை அல்லவா?

அந்நாட்டுக் கொலராடோ மாநிலத்தில் கீத் கரி இலான்சு என்பாரும் அவர்தம் குழுவினரும் செய்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. நூலகத்தில் ஆளும் நூலும் மிகுந்துள்ள பள்ளிகளில் மாணவரின் படிப்புத்திறன் உயர்ந்திருந்ததை அவர்கள் கண்டனர். மக்களின் வறுமை நிலையைக் கணக்கிற் கொண்ட பிறகும் அவ்வேறுபாடு நின்றது. நூலகமே முழுக் கரணியம் என்று இதனால் முடிவுகட்ட இயலாது. ஆயினும் தேர்ச்சி விழுக்காட்டையே நாள்தோறும் எண்ணிக் கவலையுறும் தலைமையாசிரியர் ஒருவர், நூலகத்தைத் தேர்ச்சிக்குத் தடை என்று கருதுவதற்கு இடமில்லை என்பது தெளிவு.

தணிக்கை அச்சம்

இனி, எல்லார் நெஞ்சிலும் இருந்து எவரும் வாய்விட்டுச் சொல்லாத செய்திக்கு வருகின்றேன். நூல் தொலைந்தால் யார் பணம் கட்டுவது? பொறுப்பாசிரியரின் அச்சம் இதுவே. ஓய்வுபெறும் நாளில் ஒப்படைப்புக் கணக்கில் நாற்பது நூல் குறைந்தால் என் செய்வது என்று அவர் நடுங்குகின்றார். அவ்வச்சத்தை நகையாடிப் பயனில்லை, நீக்க வேண்டும்.

நடுவண் அரசின் பொது நிதி நெறிகள் இதற்கொரு வழி கூறுகின்றன. 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 215-ஆம் நெறிப்படி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் தொலைதல் இயல்பான இழப்பாகக் கொள்ளப்படும். நேர்மைக்கேடோ பொறுப்பின்மையோ இருத்தலாகாது என்பதே வரையறை. அரிய நூல்களுக்கும் விலை மிக்க நூல்களுக்கும் தனி உசாவல் உண்டு. இதனைக் கணக்கிட்டுப் பாருங்கள். நானூறு மாணவர் பயிலும் பள்ளியில் ஆளுக்குப் பத்து நூல்கள் ஓராண்டில் எடுத்துச் சென்றால் நாலாயிரம் முறை நூல் வெளியே போகின்றது. இருபது நூல் தொலைந்தாலும் அந்நெறிப்படி அஃது இயல்பான இழப்பு. நூலே வெளியே போகாத பள்ளிக்கோ இழக்கும் உரிமையும் இல்லை. பேழைக்குள்ளேயே கறையான் தின்ற நூலுக்கு அங்கே யார் கணக்குக் கேட்டார்?

நம் மாநிலப் பள்ளிகள் மாநில அரசின் நெறிகளுக்கு உட்பட்டவை. ஆகலின் தலைமையாசிரியர்கள் தம் பள்ளிக்கு எத்துணை இழப்பு இயல்பானதாகக் கொள்ளப்படும் என்பதை மேலலுவலரிடம் எழுத்தாற் கேட்டு, எழுத்தாலேயே பெற வேண்டும். பெற்றதைப் பொறுப்பாசிரியர் கையிற் கொடுத்து, ‘நான் இருக்கின்றேன், நீங்கள் பேழையைத் திறங்கள்’ என்று சொல்ல வேண்டும். பொறுப்பாசிரியர்க்குத் தலைமையாசிரியர் அளிக்கக்கூடிய பெருந்துணை இந்த ஒரு சொல்லே.

பணமின்றிச் செய்யக்கூடியவை

நூலகர் பணியிடம் வரும்வரை காத்திருப்பின் ஒரு தலைமுறை கடந்துபோகும். அதற்கிடையே ஓர் உருவாவும் செலவின்றிச் செய்யக்கூடியவை உள.

முதலாவது, பொறுப்பாசிரியர்க்கு நேரம் தருக. கிழமைக்கு இரண்டு மூன்று பாடவேளையேனும் அவர் பெயரில் நூலகத்திற்கென்று எழுதுக. ஆசிரியர் எவரேனும் வரவில்லையென்றால் அந்த நேரத்தில் அவரை வேறு வகுப்புக்கு அனுப்பாதீர். தேர்வு நெருங்கும்போது நூலகப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் பிடுங்கிக் கொடுக்காதீர்.

இரண்டாவது, நூலக அறையை நூலகத்திற்கே விடுக. விலையில்லாப் பாடநூற் கட்டுகளும் உடைந்த இருக்கைகளும் தேர்வுத்தாள்களும் அடைந்து கிடக்கும் அறையிற் குழந்தை எங்கே அமரும்? அடங்காத மாணவனை நூலகத்திற்கு அனுப்பி ஒறுக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். நூலை ஒறுப்பாக்கினால் அவன் வாழ்நாளெல்லாம் நூலை வெறுப்பான்.

மூன்றாவது, நூல் தேர்வில் அவர்க்கு இடந்தருக. நல்கைப் பணம் வரும்போது பொறுப்பாசிரியரையும் மாணவர் சிலரையும் கேட்டு நூல் வாங்குக. மேலிடத்திலிருந்து வரும் கட்டுகளை வந்த நாளிலேயே பிரித்து வழங்குக. 2022-ஆம் ஆண்டு பள்ளிக் கல்வித்துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்னும் மாணவர் இதழ்களைத் தொடங்கியது. அத்தகைய இதழ் அலுவலறை மேசையிற் கட்டவிழ்க்கப்படாமற் கிடந்தால், அச்சிட்டவர் உழைப்பும் மக்கள் வரிப்பணமும் ஒருங்கே வீண்.

நான்காவது, ஆசிரியர் கூட்டத்தில் நூலகத்திற்கு ஐந்து மணித்துளி ஒதுக்குக. அடுத்த திங்களில் எந்த வகுப்பில் எந்தப் பாடம் என்று பொறுப்பாசிரியர் அறியட்டும். அதற்குரிய நூல் எது என்று மற்ற ஆசிரியர் அறியட்டும்.

ஐந்தாவது, கேள்வியை மாற்றுக. எத்தனை நூல் இருக்கின்றன என்று கேட்பதை விடுத்து, இத்திங்கள் எத்தனை நூல் வெளியே போயின, ஒரு நூலும் எடுக்காத மாணவர் யார் யார் என்று கேளுங்கள். தலைமையாசிரியர் எதனைக் கேட்கின்றாரோ அதுவே பள்ளியில் வளரும். அவரே ஒரு நூலை எடுத்து, வழங்கற் பதிவேட்டில் தம் பெயரை எழுதிச் செல்வாராயின் அதனை எல்லாக் குழந்தையும் காணும்.

நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கு

உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் உழைப்பு கரைந்து மறைவது என்றேன். அதனை வெளிக்காட்டும் கடமை உங்களுடையது. திங்கள்தோறும் ஒரு பக்கம் எழுதித் தலைமையாசிரியர் மேசையில் வையுங்கள். வழங்கிய நூல் இத்தனை, புதிதாகப் படிக்கத் தொடங்கிய மாணவர் இன்னார், தேவை இது. குறையை மட்டும் எழுதினால் உங்களைக் கண்டாலே அவர் முகம் சுளிப்பார். முன்பு ஒரு நூலும் எடுக்காத மாணவி இத்திங்கள் மூன்று நூல் படித்தாள் என்று எழுதுங்கள். மகிழாத தலைமையாசிரியர் இரார்.

பள்ளிப் பேழை சிறிதாயின் ஊர்க் கிளைநூலகத்தை நாடுங்கள். விடுதலைக்குப் பின் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றியது, 1948-இல், நம் சென்னை மாநிலமே. வீட்டுவரியோடு நூலக வரியும் நம் மக்கள் செலுத்துகின்றனர். அந்த நூலகம் நம் குழந்தைகளுக்கும் உரியது. தலைமையாசிரியரின் கடிதத்தோடு ஒரு வகுப்பை அழைத்துச் சென்று உறுப்பினராக்குங்கள்.

பெருமக்களே! பள்ளிதோறும் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும் என்று அரசிடம் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம். ஆனால் அரசு ஆள் தந்தாலும், அவரைக் காவலராகவே கருதும் தலைமையாசிரியரின்கீழ் அவரும் காவலராகவே ஆகிவிடுவார். ஆள் இல்லாத இன்றும், துணைநிற்கும் தலைமையாசிரியரின்கீழ் ஒரு பொறுப்பாசிரியர் நூலகராக உயர்வார். பள்ளி திறக்கும் நாளில் உங்கள் பொறுப்பாசிரியரை அழைத்துப் பேசுங்கள். அவர் அச்சத்தைக் கேளுங்கள், அதனை நீக்குங்கள். பேழைகள் திறக்கட்டும், நூல்கள் நம் குழந்தைகளின் வீடுகளுக்குப் போகட்டும், கிழிந்து திரும்பினாலும் திரும்பட்டும். படித்துக் கிழிந்த நூல் பள்ளிக்குப் பெருமையே.